மதுரை வெயிலுக்கு ஏற்ற குட்டி விமானம்

மதுரையில் வைத்து ஓட்ட குட்டி விமானம் வாங்கப்போகிறீர்களா? நாலு சீட் இருக்கிறது என்பதற்காக நாலு பேரை ஏற்றிவிட முடியாது. செஸ்னா 172எஸ் என்ற நாலு சீட் விமானம் தூக்கும் சுமை, ஆள், பெட்டி, எரிபொருள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 390 கிலோ. டேங்கை நிரப்பினாலே 144 கிலோ போய்விடும். மிச்சம் மூன்று பெரியவர்களுக்கும் கொஞ்சம் பெட்டிகளுக்கும்தான். வாங்கப்போகிற அதே விமானத்தின் எடை அறிக்கையைக் கேட்டு வாங்கிக் கணக்குப் போடுங்கள். ஒவ்வொன்றும் வேறுபடும்.

அடுத்தது வெயில். 40 டிகிரி மதியத்தில் மதுரைக் காற்று, சாதாரண நாளில் 3,500 அடி உயரத்தில் இருக்கும் காற்றைப்போல் மெலிந்துவிடும். ஓடுபாதை தாராளம்; அடிவாங்குவது ஏறும் வேகம். கொச்சிப் பக்கம் அடிக்கடி போவீர்களா? குறுக்கே மேற்குத் தொடர்ச்சி மலை. ஆனைமுடியே 8,842 அடி. மெலிந்த காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் டர்போ எஞ்சின்தான் சரி.

பெட்ரோல் எஞ்சினுக்கான அவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோல் எல்லா விமான நிலையத்திலும் கிடைக்காது. டயமண்ட் டிஏ40 என்ஜி என்ற நாலு சீட் விமானம், பெரிய விமானங்களுக்கு ஊற்றும் ஜெட் ஏ-1 எரிபொருளிலேயே ஓடும், டர்போவும் உண்டு.