மும்பையில் ஏர் ரைஃபிள் பழக ஆசையா? துப்பாக்கியைக் கடைசியில் வாங்குங்கள்

காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைஃபிள் மேல் ஆசை வந்ததும் பலர் முதலில் செய்வது, இணையத்தில் விலை பார்ப்பது. அதைத்தான் முதலில் செய்யக் கூடாது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும், ஸ்பிரிங் விசையில் இயங்கும் துப்பாக்கியை வாங்கி, மொட்டை மாடியில் டப்பாவைச் சுட்டுப் பழகியவர்களைத் திருத்துவதுதான் கோச்சுகளுக்குப் பெரிய வேலை. ஒன்றும் தெரியாமல் வருபவர் சீக்கிரம் பழகிவிடுவார். இந்த விளையாட்டில் முதலில் கற்க வேண்டியது சுடுவதை அல்ல, ஆடாமல் நிற்பதை. அதற்குச் சொந்தத் துப்பாக்கி தேவையில்லை.

விளையாட்டு என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம். 10 மீட்டர் தொலைவில், தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் ஒரு டார்கெட். அதன் மொத்த விட்டமே 45.5 மி.மீ.தான். நடுவில் பத்து மதிப்பெண் தரும் இடம் வெறும் 0.5 மி.மீ. புள்ளி. சுடும் சின்னக் குண்டான பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. அது புள்ளியைத் தொட்டாலே பத்து கிடைக்கும். அதாவது குண்டின் மையம், டார்கெட்டின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழ வேண்டும். நம் கையில் இருக்கும் துப்பாக்கிக் குழலான பேரலின் முனை கால் மில்லிமீட்டர் விலகினாலே பத்து ஒன்பதாகிவிடும். எல்லாம் நின்றபடியேதான். எதிலும் சாயக் கூடாது.

2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், 2012இல் லண்டனில் ககன் நாரங் வெண்கலம் வென்றதும் இந்தப் பிரிவில்தான். நம் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவனும் இதே பிரிவு. ஊர் விட்டு வந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொள்ள நல்ல பெயர்.

முதல் வேலை: ரேஞ்சைத் தேடுங்கள்

மாட்டுங்கா, சயான், தாராவி பக்கம் இருப்பவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தாதர் சிவாஜி பார்க் எதிரே உள்ள சாவர்க்கர் ஸ்மாரக். அங்கே ரைஃபிள் ரேஞ்ச், அதாவது சுட்டுப் பழகும் இடம் உண்டு. வொர்லியில் மகாராஷ்டிரா ரைஃபிள் அசோசியேஷனின் ரேஞ்ச் இருக்கிறது. செம்பூர், வாஷி பக்கம் இருந்தால் ஹார்பர் லைனில் பன்வேல் வரை போகலாம். ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்று வரை போன சுமா ஷிரூர் நடத்தும் லக்ஷ்யா கிளப் அங்கேதான். இவை போக, புறநகரில் பள்ளிக்கூடங்களிலும் ஜிம்கானாக்களிலும் நான்கைந்து லேன் (ஒருவர் நின்று சுடும் இடம்) கொண்ட சின்ன ரேஞ்சுகள் இருக்கின்றன.

நேரில் போய்ப் பாருங்கள். போனில் கேட்டால் கட்டணத்தை மட்டும்தான் சொல்வார்கள். ஒரு கோச்சுக்கு எத்தனை பேர், கிளப் ரைஃபிள் எத்தனை, உங்கள் நேரத்தில் லேன் காலியாக இருக்குமா என்று கேளுங்கள். கோச் எங்கே நிற்கிறார் என்பதைக் கவனியுங்கள். சுடுபவரின் பக்கத்தில் நின்று கால், இடுப்பு, தோள் எல்லாவற்றையும் பார்த்தால் நல்ல இடம். ஸ்கோர் திரையை மட்டும் பார்த்து "இன்னும் நல்லா ஃபோகஸ் பண்ணு" என்று சொன்னால் வேறு ரேஞ்ச் பாருங்கள்.

வயது ஒரு தடையில்லை. ஸ்வீடனின் ஆஸ்கர் ஸ்வான் 1920 ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் வெள்ளி வாங்கியபோது அவருக்கு 72 வயது. சிறு பிள்ளைகளுக்குத்தான் எடை சிக்கல். போட்டி ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம் என்பது விதி. அதனால் அவர்களை ஸ்டாண்டில் தாங்கல் கொடுத்துச் சுட வைப்பார்கள். அவசரப்பட்டு அந்தத் தாங்கலை எடுக்கச் சொல்லாதீர்கள். முதுகுதான் கெடும்.

பாதுகாப்பு, பேச்சுக்கு இடமில்லாமல்

காற்றுத் துப்பாக்கிதானே என்று நினைக்க வேண்டாம். கண்ணைப் பறித்துவிடும். பேரல் எப்போதும் டார்கெட் பக்கம்தான். சுடும் கணம் வரை விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்க வேண்டும். சுடாத நேரத்தில் பேரலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கயிறு போட்டிருக்க வேண்டும். அதைச் சேஃப்டி ஃப்ளாக் என்பார்கள். 'ஸ்டாப்' என்று குரல் கேட்டால், அரைகுறையாக அழுத்திய ட்ரிகரையும் விட்டுவிட வேண்டும்.

பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. பெல்லட் ஈயத்தால் ஆனது. விரல் நுனியில் சாம்பல் நிறம் ஒட்டும். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வடாபாவைத் தொடாதீர்கள். பெல்லட்டை உதட்டில் கவ்வி வைத்துக்கொள்ளும் பழக்கமும் சிலரிடம் உண்டு. கண்டிப்பாக வேண்டாம்.

முதல் வகுப்புக்குப் போகும் முன்

எந்தக் கண் ஆளும் கண், அதாவது குறி பார்க்க மூளை அதிகம் நம்பும் கண், என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். இரண்டு கைகளையும் நீட்டி, கட்டை விரல்களுக்கு நடுவே சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் நகராமல் இருக்கிறதோ அதுதான். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆளும் கண்ணாக இருந்தால் கோச்சிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எந்தத் தோளில் வைப்பது என்பதையே அது மாற்றலாம்.

தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ, உடம்போடு ஒட்டாத டி-ஷர்ட் போதும். சுடுபவர்கள் அணியும், கேன்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்த ஜாக்கெட்டை இப்போதே வாங்க வேண்டாம். போவதற்குச் சற்று முன் மாட்டுங்காவில் ஸ்ட்ராங் ஃபில்டர் காபி குடிப்பதையும் தள்ளிப் போடுங்கள். நாடித் துடிப்பு பேரல் முனையில் தெரியும்.

நிற்பது

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் வலக்கைக்காரர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

டார்கெட்டுக்கு இடப்பக்கத்தைக் காட்டி நில்லுங்கள். கால்கள் தோளகலம். முழங்கால் நேராக இருக்கட்டும், விறைக்க வேண்டாம். இடுப்பைக் கொஞ்சம் டார்கெட் பக்கம் தள்ளி, மேலுடம்பைச் சற்றுப் பின்னால் சாய்த்தால், ரைஃபிளின் எடை உங்கள் இரு பாதங்களுக்கு நடுவே இறங்கும். இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல், விலாவோரம் ஊன்றுங்கள். ரைஃபிளைத் தாங்குவது இந்த எலும்புகள்தான். கைத்தசை தாங்கினால் ஒரு நிமிடத்தில் நடுக்கம் வந்துவிடும். முழங்கை இடுப்பில் எட்டவில்லை என்றால் கையை வளைத்துத் தவிக்காதீர்கள். முஷ்டி மடக்கி, அல்லது விரல்களைப் பிரித்து, ரைஃபிளைத் தாங்கும் உயரத்தை மாற்றுங்கள். ஒவ்வொருவர் உடல்வாகும் வேறு.

தலை ரைஃபிளைத் தேடிப் போகக் கூடாது. ரைஃபிள் முகத்துக்கு வர வேண்டும். கழுத்து நிமிர்ந்தபடி கன்னம் ரைஃபிளின் பின்கட்டையின் மேல் படிய வேண்டும்.

அப்புறம் ஒரு சோதனை. குறி பார்த்து நின்று, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விடுங்கள். திறக்கும்போது ரைஃபிள் எங்கே பார்க்கிறதோ அதுதான் உங்கள் உடம்பின் இயல்பான திசை. அது டார்கெட்டுக்கு வலப்பக்கம் இருந்தால் கையால் இடப்பக்கம் இழுக்காதீர்கள். இழுத்துச் சுட்டால், ட்ரிகர் விழும் நேரத்தில் உடம்பு தன் இடத்துக்கே திரும்பிவிடும். பாதத்தைக் கொஞ்சம் நகர்த்துங்கள், மறுபடி கண்ணை மூடிப் பாருங்கள். வருடக்கணக்காகச் சுடுபவர்களும் ஒவ்வொரு தொடருக்கு முன்னாலும் இதைச் செய்கிறார்கள்.

குறி, மூச்சு, ட்ரிகர்

பெல்லட்டின் ஒரு முனை தட்டை, மறுமுனை பாவாடை போல விரிந்திருக்கும். தட்டை முனை முன்னால் போக வேண்டும். காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல வட்டமாக ஓட்டை விழுவதற்குக் காரணம் அந்தத் தட்டை முனைதான். விளிம்பு நசுங்கிய பெல்லட்டை ஒதுக்கிவிடுங்கள்.

குறி பார்க்க ரைஃபிளின் மேல் பின்னும் முன்னும் இருப்பவை சைட். பின் சைட்டில் ஒரு சின்னத் துளை, முன் சைட்டில் ஒரு வளையம், தூரத்தில் டார்கெட்டின் கறுப்பு வட்டம். மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாக, சுற்றிலும் ஒரே அளவு வெள்ளை தெரியும்படி அமைய வேண்டும். கண் தெளிவாகப் பார்க்க வேண்டியது முன் வளையத்தை. டார்கெட் கொஞ்சம் மங்கலாகவே இருக்கட்டும். மறு கண்ணை இறுக்கி மூடாதீர்கள், அதன் முன்னால் ஒரு வெள்ளை மறைப்பு வைத்தால் போதும்.

மூச்சு விட்டு, அடுத்த மூச்சுக்கு முன் இயல்பாக வரும் இடைவெளியில் சுட வேண்டும். சில நொடிகளுக்குள் ட்ரிகர் விழவில்லை என்றால் ரைஃபிளை இறக்கிவிடுங்கள். இறக்குவதற்கு வெட்கப்படுபவர்கள்தான் ஏழும் எட்டும் வாங்குகிறார்கள்.

போட்டி ரைஃபிளின் ட்ரிகரில் இரண்டு நிலை உண்டு. முதலில் லேசாக நகரும், பிறகு ஒரு தடை தட்டுப்படும். குறி படியும்போதே முதல் நிலையைக் கடந்து, தடையில் விரலை வைத்துக் காத்திருந்து, நேராகப் பின்னோக்கி அழுத்துங்கள். பக்கவாட்டில் வேண்டாம். சுட்டபின் உடனே தலையைத் தூக்கி ஸ்கோர் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பெல்லட் வினாடிக்கு 170 மீட்டர் வாக்கில்தான் போகிறது, ட்ரிகர் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் அது பேரலுக்குள்ளேயே இருக்கிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணும் வரை அப்படியே நில்லுங்கள்.

தொடக்கத்தில் பத்தைத் தேடாதீர்கள். ஐந்து குண்டுகளும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள். ஐந்தும் இடப்பக்கம் ஆறில் கூட்டமாக விழுந்திருந்தால் அது நல்ல செய்தி. சைட்டைத் திருப்பினால் சரியாகிவிடும். மேலும் கீழுமாகச் சிதறினால் மூச்சைப் பாருங்கள். பக்கவாட்டில் சிதறினால் கால்களைப் பாருங்கள். சைட்டில் எந்தப் பக்கம் திருப்பினால் குண்டு எந்தப் பக்கம் போகும் என்பதில் புதியவர்கள் குழம்புவார்கள். சைட்டின் திருகைப் பத்து கிளிக் திருப்பி, ஐந்து சுட்டுப் பாருங்கள். அந்த ரைஃபிளுக்கு உரிய பதிலை நோட்டில் எழுதி வையுங்கள்.

இனி வாங்கலாமா?

சில மாதம் ஆகி, ரேஞ்சுக்குப் போவது பழக்கமாகிவிட்டால் சரி. வரிசை இதுதான்: பெல்லட், கையுறை, ஜாக்கெட், ஷூ, கடைசியாக ரைஃபிள். பெல்லட் பெரும்பாலும் 500 கொண்ட டப்பாவாக வரும். ஜாக்கெட் உங்கள் அளவுக்குத் தைத்ததாக இருக்க வேண்டும், இரவல் ஜாக்கெட் முதுகைத் தாங்காது.

ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷுட்ஸ் எல்லாம் ஜெர்மன் ரைஃபிள்கள். புதிதாக வாங்கினால் லட்சங்களில் பேச வேண்டும். ப்ரெசிஹோல் போன்ற இந்தியத் தயாரிப்புகள் தொடக்கக்காரருக்குப் போதும். நல்ல நிலையில் உள்ள பழைய ரைஃபிள் கிளப்பிலேயே கைமாறும். அப்படி வாங்கும்போது காற்றுச் சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள், பத்து வருடம் தாண்டியதைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். சிலிண்டரில் வழக்கமாக 200 பார் அழுத்தக் காற்று நிரப்புவார்கள். உலர்ந்த காற்று மட்டும்தான். ஆக்சிஜன் நிரப்பினால் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து வெடிக்கும்.

சட்டம் சுருக்கமாக: 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. வாய் விட்டமும் 20 ஜூல் ஆற்றலும் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ரைஃபிள் எட்டு ஜூலைச் சுற்றித்தான் இருக்கும். அதற்காகத் தோளில் மாட்டிக்கொண்டு லோக்கலில் ஏறலாம் என்று அர்த்தமில்லை. பூட்டிய பெட்டியில், பில்லும் கிளப் அட்டையும் அடையாள அட்டையும் கூடவே இருக்கட்டும். பறவைகள் மேல் குறி வைப்பது விளையாட்டும் இல்லை, வனவிலங்குச் சட்டம் அதை அனுமதிக்கவும் செய்யாது.

மும்பையில் ரைஃபிளுக்கு எதிரி ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை. பெட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உலோகத்தில் துருவை ஏற்றும். வீடு வந்ததும் வெளியே எடுத்து, துளி எண்ணெய் தடவிய துணியால் வெளிப்புற உலோகத்தை மட்டும் துடையுங்கள். சிலிகா ஜெல் பைகள் போட்டு வையுங்கள். ஜாக்கெட்டை மின்விசிறிக் காற்றில் தொங்க விடாவிட்டால் ஒரே வாரத்தில் தோலில் பூஞ்சை பிடிக்கும்.

முதல் போட்டி

கிளப் போட்டியில் பெயர் கொடுங்கள். பெரிய போட்டிகளில் 60 குண்டு. எலெக்ட்ரானிக் டார்கெட் என்றால் 75 நிமிடம், காகிதம் என்றால் 90 நிமிடம். அதற்கு முன் தயாராகவும் சைட் சரிபார்க்கவும் 15 நிமிடம் தருவார்கள். மதிப்பெண்ணைத் தசமத்திலும் எண்ணுவதால் ஒரு குண்டுக்கு உச்சம் 10.9, மொத்தம் 654. கிளப்பில் 20 அல்லது 40 குண்டோடு முடித்துக்கொள்வதும் உண்டு.

ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் கை நடுக்கத்தைக் குறைப்பதால் துப்பாக்கி சுடுதலில் தடை செய்யப்பட்டவை. பொழுதுபோக்குப் பயிற்சிக்குச் சிக்கல் இல்லை. அங்கீகாரம் பெற்ற போட்டிகளுக்குப் போகும் எண்ணம் இருந்தால் டாக்டரிடமும் கோச்சிடமும் முன்கூட்டியே பேசுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

படிவத்தில் ஓப்பன் சைட்டா, பீப் சைட்டா என்று கேட்பார்கள். துளை வழியாகப் பார்த்துப் பழகியவர் என்றால் பீப் சைட். எந்த ரைஃபிளில் பழகினீர்களோ அதே கிளப் ரைஃபிளை அன்றைக்கு உங்களுக்கு ஒதுக்கித் தரச் சொல்லி, பெயர் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.