ராஸ்பெர்ரி பையும் ஊதா டாக் பலகையும்: பழைய ஆம்புக்கு ஒரு மியூசிக் ஸ்ட்ரீமர்

அப்பா வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப் இன்னும் நன்றாகப் பாடுகிறது. கேசட் டெக் போய்விட்டது, சிடி பிளேயரின் லென்ஸும் போய்விட்டது. ஆம்பும் இரண்டு ஸ்பீக்கரும் மட்டும் கூடத்தில் சும்மா நின்றன. வீட்டிலிருந்த சிடிகளை எல்லாம் எப்போதோ ஃப்ளாக் கோப்புகளாக (ஒலித் தரம் குறையாமல் சேமிக்கும் வகை) மாற்றி வைத்திருந்தேன். அவற்றை அந்த ஆம்பில் கேட்க வேண்டும், பாட்டைப் போனிலிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்காகப் பெரிய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. இவ்வளவுதான் தேவை. மேஜை டிராயரில் ராஸ்பெர்ரி பை 3 பி என்ற உள்ளங்கை அளவுக் குட்டிக் கணினிப் பலகை ஒன்று கிடந்தது. பாட்டு வாசிக்க அதுவே தாராளம், பை 4, பை 5 எல்லாம் இதற்காக வாங்க வேண்டாம்.

முதலில் பையின் 3.5 மி.மீ. ஜாக்கிலேயே வயரைச் செருகிக் கேட்டேன். சினிமாப் பாட்டுக்கு ஒப்பேறியது. கச்சேரி ஒன்றைப் போட்டதும் தெரிந்துவிட்டது: தம்புரா மட்டும் ஒலிக்கும் முதல் சில நொடிகளில், சுருதிக்குப் பின்னால் 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஜாக்கில் முறையான டாக் சிப் (டிஜிட்டல் பாட்டை ஆம்ப் ஏற்கும் ஒலி மின்னலையாக மாற்றுவது) கிடையாது. ஒரு பின்னின் மின்னழுத்தத்தை அதிவேகமாக ஏற்றி இறக்கித்தான் ஒலியை உண்டாக்குகிறார்கள். பை 5-இல் அந்த ஜாக்கே இல்லை. ஆகவே தனியாக ஒரு டாக் வேண்டும்.

காசு இருந்தால் ஹைஃபைபெர்ரி மாதிரி, பையின் 40 பின்கள் மேல் அப்படியே உட்காரும் பலகையை வாங்கிவிடுங்கள். சாலிடர் வேலையே இல்லை. நான் வாங்கியது பிசிஎம்5102 சிப் உள்ள சின்ன ஊதா நிறப் பலகை. விலை மிகக் குறைவு, ஒலி அந்த விலைக்கு நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தப் பதிவை எழுதக் காரணமே அதுதான்.

முதல் படி: பலகையின் பின்பக்கம்

வயர் இணைப்பதற்கு முன் பலகையைத் திருப்பிப் பாருங்கள். 1 முதல் 4 வரை எண் போட்ட நான்கு சின்னத் தொகுதிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் மூன்று சாலிடர் புள்ளிகள், ஒரு பக்கம் ஹெச் (3.3 வோல்ட்), மறுபக்கம் எல் (கிரவுண்ட்) என்று எழுதியிருக்கும். நடுப்புள்ளியை எந்தப் பக்கத்தோடு சேர்க்கிறோமோ அந்த நிலைக்கு அது போகும். 1, 2, 4 மூன்றும் எல் பக்கம் சேர வேண்டும். 3 மட்டும் ஹெச் பக்கம்.

எனக்கு வந்த பலகையில் நான்குமே சேர்க்கப்படாமல் வெறுமையாக இருந்தன. அது எனக்குத் தெரியாது. எல்லா வயரையும் சரியாகக் கொடுத்தேன். திரையில் பாட்டு ஓடுகிறது, நொடிகள் நகர்கின்றன, ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. மென்பொருள்தான் தவறு என்று நினைத்து மெமரி கார்டை மூன்று முறை அழித்து எழுதினேன். வயர்களை மாற்றினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின. கடைசியில் மல்டிமீட்டரை எடுத்து, 3-ஆம் தொகுதியின் நடுப்புள்ளிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட பூஜ்யம். அந்தப் புள்ளி சிப்பின் மியூட் பின்னுக்குப் போகிறது. அங்கே வோல்ட் இல்லையென்றால் சிப் வாயை மூடிக்கொள்ளும். ஒரு துளி ஈயம் வைத்து ஹெச் பக்கம் சேர்த்தேன், மீட்டர் 3.3 வோல்ட் காட்டியது. அடுத்த நொடி கூடத்தில் தம்புரா. இரைச்சல் இல்லாத சுருதியை அந்த ஸ்பீக்கர்களில் அன்றுதான் கேட்டேன். அம்மா சமையலறையிலிருந்து வந்து நின்று கேட்டார்.

சில பலகைகள் இந்த இணைப்புகளோடே வருகின்றன, சில வருவதில்லை. எதுவானாலும் மீட்டரை வைத்துப் பார்த்துவிடுங்கள். சாலிடர் முனை கூர்மையாக இருக்கட்டும். புள்ளிகள் நெருக்கமானவை, ஈயம் அதிகமானால் மூன்றும் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால் 3.3 வோல்ட்டும் கிரவுண்டும் சேர்ந்துவிடும். பவர் கொடுக்குமுன் பூதக்கண்ணாடியில் ஒரு முறை பாருங்கள்.

இரண்டாம் படி: வயர்கள்

பையின் பின்களை எண்ணும்போது நிதானம் வேண்டும். மெமரி கார்டு இருக்கும் முனையில் 1, 2 தொடங்கும். பலகையின் வெளி விளிம்பை ஒட்டிய வரிசை முழுக்க இரட்டை எண்கள். 5 வோல்ட் தவறான பின்னில் பட்டால் பை போய்விடும். அதனால் பையின் பவரை எடுத்துவிட்டுத்தான் இந்த வேலை.

டாக் பலகையில் எழுதியிருக்கும் பெயர்படி, விஐஎன் பையின் 2-ஆம் பின்னுக்கு, ஜிஎன்டி 6-க்கு, பிசிகே 12-க்கு, எல்சிகே 35-க்கு, டிஐஎன் 40-க்கு. மிச்சம் இருப்பது எஸ்சிகே. அதைப் பைக்குக் கொண்டுபோக வேண்டாம், டாக்கிலேயே ஜிஎன்டியோடு சேர்த்துவிடுங்கள். அது கிரவுண்டில் இருந்தால்தான் சிப் தனக்கு வேண்டிய கிளாக்கை, அதாவது நேரத் துடிப்பை, தானே உண்டாக்கிக்கொள்ளும். அந்தரத்தில் விட்டால் கரகரப்பு வரும்.

வயர் 10 செ.மீ.க்கு மேல் வேண்டாம். சிடி தரத்துப் பாட்டுக்கே பிசிகே வயரில் நொடிக்கு லட்சக்கணக்கான துடிப்புகள் ஓடுகின்றன. நீளமான ஜம்பர் வயரில் அது கலங்கிப்போகும்.

மூன்றாம் படி: மெமரி கார்டு

பையைப் பாட்டுப் பெட்டியாக்கும் மென்பொருள்களில் மூட் ஆடியோ, வால்யூமியோ, பைகோர்பிளேயர் மூன்றையும் போட்டுப் பார்த்தேன். பார்க்க அழகானது வால்யூமியோ. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது மூட் ஆடியோ. இலவசம், கணக்குத் தொடங்கச் சொல்லாது, எல்லா அமைப்பும் பிரவுசரிலேயே இருக்கிறது. அடிக்கடி கரண்ட் போகும் ஊர் என்றால் பைகோர்பிளேயரை யோசியுங்கள். அது முழுக்க ரேமில் ஓடுவதால் கரண்ட் போனாலும் கார்டு கெடும் பயம் குறைவு.

ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற கம்ப்யூட்டர் மென்பொருள் வழியாக அதைக் கார்டில் எழுதுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எழுதும் முன் வரும் அமைப்புப் பக்கத்தில் பயனர் பெயர், வைஃபை பெயர், கடவுச்சொல் கொடுத்துவிடுங்கள். வைஃபை நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம். ஹோஸ்ட்நேம் (வீட்டு நெட்வொர்க்கில் பையின் பெயர்) இடத்தில் மூட் என்று ஐந்து ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் கொடுங்கள்: எம், இரண்டு ஓ, டி, ஈ. பிறகு போன் பிரவுசரில் அதே பெயருக்குப் பின் ஒரு புள்ளி, லோக்கல் என்று தட்டினால் பக்கம் திறக்கும். பழைய ஆண்ட்ராய்டு போன்களில் திறக்காது. அப்போது ரவுட்டர் பக்கத்தில் பையின் ஐபி எண்ணைப் பார்த்துத் தட்டுங்கள்.

ஆடியோ அமைப்புக்குள் போய், ஐ2எஸ் (பையிலிருந்து டாக்குக்கு ஒலி போகும் இணைப்பு) சாதனப் பட்டியலில் ஹைஃபைபெர்ரி டாக் என்பதைத் தேர்ந்தெடுங்கள், நம் ஊதாப் பலகைக்கும் அதுவே பொருந்தும். பக்கத்திலேயே டாக் பிளஸ் என்று இருக்கும், அது வேண்டாம். அது பிசிஎம்5122 சிப்பைத் தேடும், நம் பலகையில் அது இல்லை. சேமித்துவிட்டு ஒரு முறை ரீஸ்டார்ட்.

வால்யூம் பற்றி ஒரு வார்த்தை. இந்தச் சிப்பில் வன்பொருள் வால்யூம் கிடையாது. போனிலிருந்து கூட்டிக் குறைக்க வேண்டுமானால் சாஃப்ட்வேர் என்று வையுங்கள். நான் ஃபிக்ஸ்டு என்றுதான் வைத்திருக்கிறேன், ஆம்பின் திருகிலேயே கூட்டிக் குறைக்கிறேன். அப்படி வைத்தால் டாக் முழு அளவில், ஏறத்தாழ 2 வோல்ட், வெளியே அனுப்பும். முதல் பாட்டைப் போடுமுன் ஆம்பின் திருகை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். வயரை ஆம்பின் சிடி அல்லது ஆக்ஸ் துளையில் செருகுங்கள். ஃபோனோ என்று எழுதிய துளை ரெக்கார்ட் பிளேயருக்கானது, அதில் செருகவே கூடாது.

பாட்டுகளைப் பென் டிரைவில் போட்டுச் செருகிவிட்டு, லைப்ரரியைப் புதுப்பித்தால் போதும். ராகம் தானம் பல்லவியைச் சிடியில் மூன்று டிராக்காக வெட்டியிருப்பார்கள். ஃப்ளாக்காக வைத்திருந்தால் நடுவே இடைவெளியே இல்லாமல் ஓடுகிறது. எனக்கு இந்த ஒன்றுக்காகவே இவ்வளவு வேலையும் தகும்.

பின்சேர்க்கை

இதைப் பார்த்துச் செய்த நண்பர்கள் கேட்டவற்றைச் சேர்க்கிறேன்.

ஒருவருக்குப் பாட்டு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அறுந்தது. காரணம் போன் சார்ஜரும் மெல்லிய கேபிளும். பை 3 பி-க்கு 5 வோல்ட், 2.5 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பலகையின் சிவப்பு விளக்கு அணையும். அது விட்டு விட்டு அணைந்தால் அடாப்டரை மாற்றுங்கள்.

இன்னொருவருக்கு 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். ஆம்ப் ஒரு சுவரிலும் பை இன்னொரு சுவரிலும் செருகியிருந்தன. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மாற்றியதும் போய்விட்டது. உறுமலைத் தடுக்க என்று விற்கும் மலிவான டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிகளைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மிருதங்கத்தின் தொப்பி மெலிந்துவிடும்.

அப்புறம், பழைய எம்பி3-களில் பாட்டுப் பெயர்கள் கிறுக்கலாகத் தெரிகின்றன என்று இருவர் சொன்னார்கள். அவை திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டின் காலத்துப் பெயர்கள், யூனிகோடு அல்ல. மூட் ஆடியோவில் எதை மாற்றியும் பயனில்லை. கம்ப்யூட்டரில் கிட்3 என்ற இலவச மென்பொருளில் திறந்து யூனிகோடில் தட்டிச் சேமியுங்கள். நான் பாட்டுப் பெயருக்குப் பின்னால் ராகத்தையும் தாளத்தையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். போனில் கல்யாணி என்று தேடினால் வீட்டிலிருக்கும் அத்தனை கல்யாணியும் வரிசையாக வந்து நிற்கும்.