வளரிளம் பருவத்தினருக்கு ஆங்கிலம் கற்பிக்க மாணவ ஆசிரியர்களை ஆயத்தப்படுத்தும் முறை

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பகுதிகளின் கல்வியியல் கல்லூரிகளில் ஆங்கிலத்தை விருப்பப் பாடமாக எடுத்துச் சேரும் மாணவ ஆசிரியர்கள் பலர், பட்டப்படிப்பில் இலக்கியத்தை உரைநூல்களின் வழியாகவே படித்துத் தேறியவர்கள். கதைச் சுருக்கமும் பாத்திரப் பண்பும் அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். ஒரு கதையின் நடுவில் நின்று, அடுத்து என்ன ஆகுமோ என்று தாமே தவித்த அனுபவம்தான் குறைவு. தாம் பெறாத அனுபவத்தை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு எவராலும் தர முடியாது. ஆகவே, ஆங்கிலம் கற்பித்தல் முறையைச் சொல்லித்தரும் விரிவுரையாளர் முதலில் செய்ய வேண்டியது மாணவ ஆசிரியரை வாசகராக்குவதே. முறையியல் கோட்பாடுகள் அதற்குப் பின்னர் வரட்டும்.

இதற்கு முதல் பருவத்தின் தொடக்க வாரங்களை ஒதுக்குங்கள். இரண்டு மூன்று பக்கங்களுக்குள் முடியும் ஓர் ஆங்கிலக் கதையை, ஆசிரியர் பெயரோ குறிப்புகளோ இல்லாமல் படியெடுத்துக் கொடுத்து, வகுப்பிலேயே மௌனமாகப் படிக்கச் செய்யுங்கள். பாதியில் நிறுத்தி, தமக்குத் தோன்றியதை ஐந்து வரிகளில் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். பிறகு இருவர் இருவராகப் பேசச் சொல்லி, அதன் பின்னரே பொது உரையாடலைத் தொடங்குங்கள். கருத்து வேறுபடும்போது தீர்ப்புச் சொல்லாமல், எந்த வரி அப்படி நினைக்க வைத்தது என்று மட்டும் கேளுங்கள். நூலும் வாசகரும் சந்திக்கும் இடத்தில்தான் பொருள் பிறக்கிறது என்று அமெரிக்கக் கல்வியாளர் லூயிஸ் ரோசன்பிளாட் 1938 முதல் வலியுறுத்தி வந்தார். இக்கருத்தைத் தேர்வுக்காக ஒரு கட்டுரையாக எழுத வைப்பதைவிட, இப்படி வாரம் ஒரு முறை வாழ்ந்து பார்க்க வைப்பது ஆழமாகப் பதியும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

மாணவ ஆசிரியரின் பேச்சு ஆங்கிலத்துக்கும் இதே காலத்தில் பயிற்சி தேவை. வெளிநாட்டு உச்சரிப்பு எவருக்கும் வேண்டியதில்லை. கடைசி பெஞ்சில் இருப்பவருக்கும் விளங்கும் தெளிவு இருந்தால் போதும். வகுப்பறையில் அன்றாடம் தேவைப்படும் கட்டளைகளையும் வினாக்களையும் சிறு வாக்கியங்களாகச் சொல்லி, கைப்பேசியில் பதிவுசெய்து, தாமே கேட்டுத் திருத்திக்கொள்ளட்டும்.

அடுத்தது, பள்ளிப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே உள்ள ஆங்கிலத்தை அடையாளம் காணுதல். திருப்பூர்ப் பனியன் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குக் கட்டிங், ஓவர்லாக், செக்கிங், டையிங், பேக்கிங் ஆகிய சொற்கள் ஆங்கிலப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே தெரியும். இப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் அறவே தெரியாது என்று எண்ணிக்கொண்டு வகுப்புக்குள் நுழைபவர் இந்தச் செல்வத்தைக் காணாமலே போய்விடுவார். பயிற்சிப் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து, தொழிற்கூடம், கடை, பேருந்து நிலையம் ஆகிய இடங்களில் புழங்கும் ஆங்கிலச் சொற்களை எழுதிவரச் சொல்லுங்கள். பிள்ளைகளின் வீட்டு மொழிகளையும் மாணவ ஆசிரியர் விசாரித்து அறிய வேண்டும். தாளவாடி மலைப்பகுதிப் பிள்ளை கன்னடம் பேசலாம். திருப்பூர் அரசுப் பள்ளியில் இந்தியோ ஒடியாவோ பேசும் பிள்ளை இருக்கலாம். தமிழில் விளக்கிவிட்டால் அனைவருக்கும் புரிந்துவிடும் என்று அங்கே எண்ண இயலாது.

ஒரு வகுப்பை எப்படி நடத்துவது என்பதற்கான பாடத்திட்டம் எழுதக் கற்பிக்கும் கட்டத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். தமிழகத்தில் 2019இல் வெளியான பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில், இயந்திரங்கள் தாமே பேசுவதாக அமைந்த ஒரு கவிதை உண்டு. அதை மாணவ ஆசிரியரிடம் கொடுத்துப் பாடத்திட்டம் எழுதச் சொன்னால், கவிஞர் வரலாறு, வரிக்கு வரி தமிழ் விளக்கம், எதுகையும் அணியும், வினாவிடை என்ற வரிசையே பெரும்பாலும் வரும். அதைத் திருப்பிக் கொடுத்து, பிள்ளைகள் என்ன பேசப் போகிறார்கள், என்ன எழுதப் போகிறார்கள் என்பதிலிருந்து மறுபடி திட்டமிடச் சொல்லுங்கள். தாதுவாகத் தோண்டியெடுக்கப்பட்டு, உருக்கி, வார்த்து, அடித்து, அராவி, அளந்து தாம் உருவான கதையை அந்த இயந்திரங்கள் சொல்கின்றன. கணபதி, பீளமேடு வட்டாரத்துப் பவுண்டரிகளிலும் பம்புசெட் பட்டறைகளிலும் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு இந்த வினைகள் கண்ணால் கண்டவை. எனவே, ஒரு மோட்டார் பம்பு எப்படி உருவாகிறது என்று பிள்ளைகளையே வரிசைப்படுத்தச் சொல்லி, தமிழில் வரும் விடைகளுக்கு உரிய ஆங்கில வினைச்சொற்களைக் கரும்பலகையில் எழுதிய பிறகு கவிதையைப் படித்தால், பாதிச் சொற்கள் தாமாகவே விளங்கும். பின்பகுதியில், தம்மால் அன்பு கொள்ளவோ இரங்கவோ மன்னிக்கவோ இயலாது என்று இயந்திரங்கள் எச்சரிக்கின்றன. கைதவறினால் விசைத்தறி என்ன செய்யும் என்பது பள்ளிபாளையத்துப் பிள்ளைக்குத் தெரியும். மன்னிக்கத் தெரியாத ஒன்றை நம்பி வாழ்வது சரியா என்ற கேள்வியை அந்த இடத்தில் வைத்து, விடையை மூன்று ஆங்கில வாக்கியங்களில் எழுதச் சொல்லலாம். எதுகையும் அணியும் மறுநாள் வகுப்புக்கு உரியவை.

தமிழை முற்றிலும் விலக்க வேண்டும் என்று நான் கருதவில்லை. படிப்பதற்கு முன் களத்தை அமைக்கவும், எண்ணம் முட்டி நிற்கும்போது வழிவிடவும் தமிழ் உதவும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் தமிழ் விளக்கம் வந்துகொண்டே இருந்தால்தான், பிள்ளைகள் ஆங்கில வரியைக் கவனிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

திட்டம் ஆயத்தமானதும் நுண்ணிலைக் கற்பித்தலுக்கு, அதாவது சிறு குழுவின் முன் சில நிமிடங்களில் ஒரே ஒரு கற்பித்தல் திறனை மட்டும் பழகும் பயிற்சிக்கு, செல்லுங்கள். இந்திய முறையில் கற்பித்தலுக்கு 6 நிமிடம், பின்னூட்டத்துக்கு 6, மறுதிட்டமிடலுக்கு 12, மறுகற்பித்தலுக்கு 6, மறுபின்னூட்டத்துக்கு 6 என ஒரு சுற்றுக்கு 36 நிமிடம் ஆகும். பல திறன்களை மேலோட்டமாகத் தொட்டு முடிப்பதைக் காட்டிலும், வினாக் கேட்கும் திறனுக்குக் கூடுதல் சுற்றுகள் தருவது ஆங்கில ஆசிரியருக்குப் பயன்படும். வினாக் கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஏறத்தாழ ஒரு விநாடியே காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் விடைகள் நீள்கின்றன, பேசும் பிள்ளைகள் பெருகுகிறார்கள் என்பதையும் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். இரண்டாம் மொழியில் விடை தேடும் பிள்ளைக்கு மூன்று விநாடியும் போதாது. அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளக் கற்பதுதான் இளம் ஆசிரியருக்குக் கடினமான பாடம் என்பதால், சக மாணவர் ஒருவர் கடிகாரத்தோடு அமர்ந்து நேரத்தைக் குறிக்கட்டும்.

பேச்சுப் பயிற்சிக்கு நம் தென்னிந்தியாவிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1979 முதல் 1984 வரை ஆங்கிலக் கல்வியாளர் என். எஸ். பிரபு நடத்திய பெங்களூர்த் திட்டத்தில், இலக்கண வரிசையை விட்டுவிட்டு, பிள்ளைகள் யோசித்துத் தீர்க்க வேண்டிய சிறு பணிகளைக் கொண்டே ஆங்கிலம் கற்பிக்கப்பட்டது. ஈரோட்டிலிருந்து கோபி வழியாகச் சத்தியமங்கலம் செல்லும் பேருந்துகளுக்கு ஒரு மாதிரிக் கால அட்டவணை தயாரித்து, பத்து மணிக்குச் சத்தியில் இருக்க வேண்டியவர் எந்தப் பேருந்தைப் பிடிக்க வேண்டும், ஏன் என்று ஆங்கிலத்தில் காரணம் சொல்ல வைப்பது அத்தகைய ஒரு பணியாகும். இப்படி ஐந்து பணிகளையாவது ஒவ்வொருவரும் சொந்தமாக உருவாக்கட்டும்.

பதின்மூன்று வயதுக்கு மேல் பிள்ளைகள் பிழைக்கு அஞ்சுவதைவிடச் சிரிப்புக்கே அதிகம் அஞ்சுகிறார்கள். எழுப்பி நிறுத்திக் கேட்பதற்கு முன், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பார்க்க ஒரு நிமிடம் தர வேண்டும். பேச்சின் நடுவில் திருத்தாமல் பிழைகளைக் குறித்துக்கொண்டு, யாருடையவை என்று சொல்லாமல் இறுதியில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஈராண்டுப் பி.எட். படிப்பில் முதலாண்டில் நான்கு வாரமும் இரண்டாமாண்டில் பதினாறு வாரமும் பள்ளி அனுபவத்துக்கு உரியவை. முதலாண்டு வாரங்களில் வகுப்பின் இருக்கை வரைபடம் ஒன்றை வரைந்து, ஒரு பாடவேளையில் யார் யார் ஆங்கிலத்தில் பேசினர் என்று புள்ளியிடச் செய்யுங்கள். புள்ளி விழாத வரிசைகள் எவை என்பதைக் கண்டுகொள்வது எந்த விரிவுரையையும்விட மிகுதியாகக் கற்பிக்கும். இரண்டாமாண்டில், பாடத்தைக் குறித்த நாளுக்குள் முடிக்க வேண்டிய நெருக்கடி வழிகாட்டி ஆசிரியருக்கு உண்டு என்பதை மதித்து, வாரத்தில் ஒரு பாடவேளையை மட்டும் உரையாடலுக்கு ஒதுக்கித் தருமாறு நீங்களே நேரில் சென்று கேளுங்கள்.

எழுத்தைத் திருத்துவதற்கும் தனிப் பயிற்சி வேண்டும். பெயர் நீக்கிய மாணவர் பத்திகளைக் கொடுத்து, முதல் வாசிப்பில் சிவப்புப் பேனாவைத் தொடாமல், பிள்ளை சொல்ல வந்தது என்ன என்பதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். ‘யெஸ்டர்டே ஐ ஆம் கோ டு மை அம்மாச்சி ஹவுஸ்’ என்று எழுதிய பிள்ளைக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. இறந்தகால வினை மட்டுமே இல்லை. எல்லாப் பிழைகளையும் சுழிக்காமல், அந்த வாரத்துக்கு ஒரே ஒரு வகைப் பிழையைத் தேர்ந்து திருத்தி, கருத்தைப் பற்றி ஒரு கேள்வியை ஓரத்தில் எழுதி, பிள்ளை மறுபடி எழுதிய பத்தியையும் வாங்கிப் படிக்கட்டும். முதல் பத்தி, மாணவ ஆசிரியரின் குறிப்பு, இரண்டாம் பத்தி ஆகிய மூன்றையும் கற்பித்தல் பயிற்சிப் பதிவேட்டில் ஒன்றாக இணைக்கச் செய்து, அவற்றுக்கும் உரிய மதிப்பெண் வழங்குங்கள்.