ஏ.பி.எல்லில் கட்டப் புதிர்: லூப் இல்லாமல் நடக்கலாம்

"வலம் திரும்பி 2, இடம் திரும்பி 3, வலம் திரும்பி 1" என்று கட்டங்களில் நடக்கவிடும் புதிர்களில் வரிசையையும் நெடுவரிசையையும் தனித்தனி மாறிகளில் வைக்காதீர்கள். இடத்தை ஒரே கலப்பெண்ணாக (complex number) வையுங்கள். ஏ.பி.எல்., ஜே என்ற இரண்டு நிரல்மொழிகளிலும் கலப்பெண் மொழியிலேயே இருக்கிறது.

கற்பனை அலகான 'ஐ' வடக்கு, 1 கிழக்கு. இடம் திரும்பினால் ஐ-ஆல் பெருக்கல், வலம் திரும்பினால் −ஐ-ஆல் பெருக்கல். திருப்பங்களை ஒரு பட்டியலாக்கி, தொடக்கத் திசையான ஐ-யை அதன் முதல் உறுப்போடு பெருக்கிவிட்டு, ×\ போடுங்கள். இது ஏ.பி.எல்லின் 'ஸ்கேன்': முதலிலிருந்து ஒவ்வொரு உறுப்பு வரையிலுமான பெருக்கற்பலனைத் தரும்; +\ அதேபோல் கூட்டுத்தொகையைத் தரும். ஒவ்வொரு கட்டளைக்குமான திசை வந்துவிடும்: 1, ஐ, 1. தூரங்களால் பெருக்கி +\ போட்டால் இடங்கள்: 2, 2+3ஐ, 3+3ஐ. முழுப் பாதையும் இரண்டே ஸ்கேனில்! எனக்கு இன்னும் சலிக்காத அழகு இது.

நடுவில் மிதித்த கட்டங்களும் வேண்டுமா? தூரத்தால் பெருக்காமல், / கொண்டு ஒவ்வொரு திசையையும் அத்தனை முறை நகலெடுத்து, அப்புறம் +\ போடுங்கள். ஒரே கட்டத்தை இரண்டாம் முறை மிதித்த இடத்தைத் தேட இதுதான் வழி.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மேட்ரிக்ஸில் வரிசை எண் கீழ்நோக்கித்தான் கூடும். வரிசை எண்ணைக் கற்பனைப் பகுதியாக வைத்தால் மேல்திசை −ஐ ஆகும். வலம் திரும்ப ஐ-ஆல் பெருக்க வேண்டும்.

சுவர்கள் உள்ள புதிர் என்றால், சுற்றிலும் ஒரு அடுக்கு சுவரைச் சேர்த்துவிடுங்கள். எல்லைச் சோதனையே தேவைப்படாது.