குளிர்காலப் பாதையோட்ட நிகழ்வை நெடுந்தூரப் பயிற்சியாக்கிக்கொள்வது எப்படி?

ஏப்ரலில் நடைபெறும் லண்டன் மாரத்தானுக்கு ஆயத்தமாகிறவர்கள், ஜனவரியிலோ பிப்ரவரியிலோ தென் இங்கிலாந்தின் சவுத் டவுன்ஸ் குன்றுகளில் நடக்கும் பாதையோட்ட (தார்ச்சாலையை விடுத்து மண்பாதைகளில் ஓடும் 'டிரெயில் ரன்') நிகழ்வொன்றை அந்த வாரத்தின் நெடும் ஓட்டமாக வைத்துக்கொள்ளலாம். வழிகாட்டும் குறிகளும் இடையிடையே தண்ணீரும் கிடைப்பது, தனியே ஓடுகிறவருக்கு வாய்க்காத வசதி.

தூரத்தை விடுத்து, நேரத்தையே அளவாகக் கொள்ளுங்கள். நனைந்த சுண்ணாம்புப் பாறை வழுக்கும், சேறு காலணியில் ஒட்டிக் கனக்கும் என்பதால், சாலையில் இரண்டரை மணி நேரத்தில் முடிகிற தூரம் இங்கே மூன்றரை மணி நேரத்தையும் தொடலாம். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தைத் தாண்டாமல், செங்குத்தான ஏற்றங்களில் தயங்காது நடந்து செல்லுங்கள். நெஞ்சில் எண் அட்டையைக் குத்திக்கொண்டதும் நிதானம் இழப்பவர்களே அதிகம். ஆகவே கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து புறப்படுவது நல்லது.

மாரத்தான் அன்று உண்ணவிருக்கும் ஜெல்லையே (ஓடும்போது ஆற்றலுக்காக உண்ணும் இனிப்புக் கூழ்) இங்கும் எடுத்துப் பழகுங்கள்.

ஓடி முடித்தவுடன் உடல் வெப்பம் விரைவாக இறங்கும் என்பதால், ஈர உடையை உடனே மாற்றிவிடுங்கள். இறக்கங்களில் ஓடியதால் வரும் தொடைவலி பெரும்பாலும் இரண்டாம் நாளில்தான் முற்றும். அது தணியும்வரை வேகப்பயிற்சியைத் தள்ளிவையுங்கள்.