அயர்லாந்து வரலாற்றைக் குழம்பாமல் படிப்பது எப்படி

அயர்லாந்து வரலாற்றைப் படிக்க உட்காருகிற பலரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். 'கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுக்கும் சண்டை' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு மேலே போனால், 1798-இல் ஆங்கில ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய 'ஐக்கிய ஐரிஷ்காரர்கள்' இயக்கத்தின் தலைவர் உல்ஃப் டோன் ஒரு புராட்டஸ்டன்ட் என்று வருகிறது, அங்கே முழிக்கிறார்கள். நானும் முழித்தேன்.

அதனால் மதத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு முதலில் நிலம் யார் கையில் இருந்தது என்று பாருங்கள். 1609 முதல் வடக்கே அல்ஸ்டரில் ஐரிஷ் பிரபுக்களின் நிலத்தைப் பறித்து, ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். 1649-இல் ஆங்கிலேயத் தளபதி கிராம்வெல் படையோடு வந்தார். ட்ரோஹெடாவில் படுகொலை, அப்புறம் இன்னும் பெரிய பறிப்பு. 1641-இல் ஏறக்குறைய 60 சதவீத நிலம் கத்தோலிக்கரிடம் இருந்தது, 1703-இல் சுமார் 14 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, 1695-இல் தொடங்கி அடுக்கடுக்காக வந்த தண்டனைச் சட்டங்கள். கத்தோலிக்கர் 5 பவுண்டுக்கு மேல் விலையுள்ள குதிரை வைத்திருக்கக் கூடாது, பள்ளிக்கூடம் நடத்தக் கூடாது, 31 ஆண்டுக்கு மேல் குத்தகை எடுக்கக் கூடாது. 1728-இல் ஓட்டும் போனது. குதிரை விஷயத்தை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் நீங்கள் நின்று படிக்க வேண்டியது 1704-இன் வாரிசு விதியை. கத்தோலிக்கத் தகப்பன் செத்தால் நிலம் எல்லா மகன்களுக்கும் சமமாகப் பிரியும். மூத்தவன் அரசுத் திருச்சபையில், அதாவது அரசு ஏற்ற ஆங்கிலிக்கன் புராட்டஸ்டன்ட் சபையில், சேர்ந்துவிட்டால் முழுதும் அவனுக்கே. தகப்பன் உயிரோடு இருக்கும்போதே சேர்ந்துவிட்டானா, அந்தத் தகப்பன் தன் நிலத்தைத் தானே விற்க முடியாது. பாகப்பிரிவினையில் பேச்சுவார்த்தை அறுந்துபோன வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதில் இருக்கும் விஷத்தை விளக்க வேண்டியதில்லை.

அரசுத் திருச்சபையில் சேராத இன்னொரு புராட்டஸ்டன்ட் பிரிவான பிரெஸ்பிட்டேரியன்களும் (பெரும்பாலும் ஸ்காட்லாந்துக் குடியேறிகளின் வழிவந்தவர்கள்) அரசுப் பதவிகளுக்கு வெளியேதான் நின்றார்கள். 1798-இல் அவர்களில் பலர் ஏன் கத்தோலிக்கரோடு சேர்ந்தார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். தங்களுடையதல்லாத அந்தத் திருச்சபைக்கு இரு தரப்பும் தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு, கட்ட வேண்டியிருந்தது வேறு.

1801-இல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைக்கப்பட்டது. கூடவே கத்தோலிக்கருக்கு உரிமை தரப் பிரதமர் பிட் நினைத்திருந்தார், மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஒத்துக்கொள்ளவில்லை. 1828-இல் கத்தோலிக்கத் தலைவர் டேனியல் ஓ'கானல் கிளேர் தொகுதியில் ஜெயித்த பிறகுதான், 1829-இல், கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் உட்கார முடிந்தது. அதே கையோடு ஓட்டுக்கான நிலத் தகுதியை 40 ஷில்லிங்கிலிருந்து 10 பவுண்டாக உயர்த்தி, ஓ'கானலை ஜெயிக்கவைத்த சிறு விவசாயிகளின் ஓட்டைப் பிடுங்கிவிட்டார்கள்.

1845-இல் தொடங்கிய பஞ்சத்துக்கு வரும்போது நிதானமாகப் படியுங்கள். உருளைக்கிழங்கை அழுகவைத்தது நோய். ஆனால் தானியம் கப்பலேறிக்கொண்டே இருந்ததும், கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் இல்லை என்று 1847-இல் விதி போட்டதும் மனிதர்கள். சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், அதற்குக் குறையாமல் நாட்டைவிட்டுப் போனார்கள். பிரிட்டிஷ் கருவூலத்தில் அதிகாரியாக இருந்துகொண்டு நிவாரணத்தை இறுக்கிப் பிடித்த சார்லஸ் ட்ரெவெலியன் 1859-இல் நம்ம மதராஸுக்கே ஆளுநராக வந்தார் என்பதை இந்த இடத்தில் ஓரமாகக் குறித்துக்கொள்ளலாம். இது இனப்படுகொலையா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் மோதிக்கொள்கிறார்கள். விதிகளைப் படித்த பிறகு அந்தச் சண்டைக்குள் போங்கள். மதம் மாறினால்தான் கஞ்சி என்ற ஆட்களும் இருந்தார்கள், எதுவும் கேட்காமல் ஊற்றிய குவேக்கர்கள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவினரும் இருந்தார்கள்.

1921 பிரிவினையில் பிரிட்டனோடேயே நின்ற வடக்கின் ஆறு மாவட்டங்களைப் படிக்கும்போது நிலத்துக்குப் பதில் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு என்பது வீட்டு வரி கட்டும் குடும்பத்துக்குத்தான், ஆகவே கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வீடு ஒதுக்கவில்லை என்றால் ஓட்டும் இல்லை. அங்கே டெரி என்ற ஊரில் கத்தோலிக்கர்தான் பெரும்பான்மை, வார்டு எல்லையை வளைத்த வளைப்பில் மாநகராட்சி மட்டும் பிரிட்டனோடு இருக்க விரும்பிய புராட்டஸ்டன்ட் தரப்பிடம். 1968-இல் சம உரிமை கேட்டு நடந்த ஊர்வலமும், 1972 ஜனவரி 30 அன்று பிரிட்டிஷ் ராணுவம் 13 பேரைச் சுட்டுக் கொன்றதும் இதே ஊரில்தான். சுட்டது நியாயமல்ல என்று பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்க 2010 ஆனது.

மறுதரப்பான புராட்டஸ்டன்டுகளையும் விடாதீர்கள். 1641-இல் கத்தோலிக்கர் கிளப்பிய கலகத்தில் கொல்லப்பட்ட குடியேறிகள், 1689-இல் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் படை டெரியை முற்றுகையிட்டது, ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் ஆயுதக் குழுவின் குண்டுகள் என்று அவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கையில் இருக்கும் புத்தகம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க ஒரு குறுக்குவழி: அந்த ஊரை ஐரிஷ் தேசியவாதிகள் சொல்கிற மாதிரி டெரி என்று எழுதியிருக்கிறதா, பிரிட்டன் ஆதரவாளர்கள் சொல்கிற மாதிரி லண்டன்டெரி என்றா?