லேப்டாப் மொட்டை மாடியில், முகவரி வீட்டில்: மொபைல் ஐபியும் ஆட்-ஹாக் ரூட்டிங்கும்

ஊர் வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகையை அம்மா பிரிக்காமல் இன்னொரு கவரில் போட்டு பெங்களூருக்கு அனுப்புவார் இல்லையா, அதுதான் மொபைல் ஐபி: கணினி எங்கே போனாலும் அதன் ஐபி முகவரி மாறாமல், அதற்கு வருவதை அங்கே அனுப்பிவைக்கும் முறை. அந்தக் கவர் அபார்ட்மென்ட் கேட்டுக்கு வந்தபின், யார் கைமாற்றி மாடிக்குக் கொண்டுபோவது என்பதை முடிவு செய்வது ஆட்-ஹாக் ரூட்டிங், அதாவது நடுவில் ரூட்டர் பெட்டி இல்லாமல் கணினிகளே ஒன்றுக்கொன்று கடத்திக்கொள்ளும் முறை. இரண்டும் கேட்டில்தான் சந்திக்கின்றன. தானாக இயங்கும் மென்பொருளைத் தேடாமல் ஒரு முறை கையாலேயே இணைத்துப் பாருங்கள், நன்றாகப் புரியும்.

அல்சூரில் எங்கள் அபார்ட்மென்ட்டில் நான்கு பழைய லினக்ஸ் லேப்டாப்களை வைத்துச் செய்தேன். பெயர்கள்: வீடு, வாசல், படி, மாடி. முதல் இரண்டும் ஹாலில், கேபிளால் இணைந்தவை (172.16.0.1, 172.16.0.2). படி இரண்டாவது மாடிப் படிக்கட்டில், மாடி மொட்டை மாடியில்.

முதலில் வாசல், படி, மாடி மூன்றின் வைஃபையையும் ஒரே பெயர், ஒரே சேனலில் ஆட்-ஹாக் முறைக்கு மாற்றுங்கள். புதிய வைஃபை கார்டுகள் பலவற்றில் இந்த வசதி இல்லை, முன்பே பார்த்துவிடுங்கள். வாசலுக்கு 10.5.0.1, படிக்கு 10.5.0.2. மாடிக்கு மட்டும் அதன் வீட்டு முகவரியே: 192.168.10.50. இதற்கு /32 மாஸ்க்தான் (இந்த ஒரே முகவரி மட்டும் என்று பொருள்) தர வேண்டும். /24 (192.168.10 என்று தொடங்கும் எல்லாம்) கொடுத்தால், வீட்டின் 192.168.10.1 பக்கத்திலேயே இருப்பதாக நினைத்து மாடி அதைக் காற்றில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

அடுத்து மூன்றிலும் ஓஎல்எஸ்ஆர் (OLSR) என்ற ஆட்-ஹாக் ரூட்டிங் முறையை இயக்குங்கள். பிராட்காஸ்ட் முகவரி 255.255.255.255. வாசல் மட்டும் 0.0.0.0/0-ஐ, அதாவது ‘வேறு வழி தெரியாத எதையும் என்னிடம் அனுப்புங்கள்’ என்பதை, அறிவிக்கட்டும். ஓஎல்எஸ்ஆர் ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனி ரூட் போடுவதால், 10.5 கூட்டத்துக்குள் ஒரு 192.168 இருப்பது அதற்குப் பிரச்சினையே இல்லை. இந்த இணைப்பு இவ்வளவு எளிதாவதற்குக் காரணமே அதுதான்.

சரி, இப்போது டனல். வீடு, வாசல் இரண்டிலும் ஐபிஐபி டனல் (ஒரு பாக்கெட்டை, அதாவது தகவல் துண்டை, இன்னொன்றுக்குள் போட்டு அனுப்பும் வழி; அம்மாவின் இரண்டாவது கவர்) போட்டு, 192.168.10.50-க்கான ரூட்டை வீட்டில் டனல் வழியாகத் திருப்புங்கள். வாசலில் 192.168.10.0/24-க்கு கேபிள் வழி ரூட். வாசலிலும் படியிலும் ஃபார்வர்டிங்கை (பிறருக்கான பாக்கெட்டைக் கடத்திவிடும் வசதியை) இயக்குங்கள்.

மாடியிலிருந்து 192.168.10.1-க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) அடித்தேன். பதில் இல்லை. வீட்டில் டிசிபிடம்ப் (வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓடவிட்டால், பாக்கெட் கேபிளில் வந்து நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது! ஒரு மாலை முழுக்கத் தேடிய பிறகு கிடைத்த காரணம் ஆர்பி ஃபில்டர் (rp_filter), அதாவது பாக்கெட் வந்த வழியும் அதற்குத் திரும்பும் வழியும் ஒன்றா என்று பார்க்கும் லினக்ஸ் சோதனை. கேபிளில் வந்த பாக்கெட்டுக்குத் திரும்பும் வழி டனலில் இருந்ததால், சந்தேகப்பட்டுத் தூக்கி எறிந்திருக்கிறது. வீடு, வாசல் இரண்டிலும் அதை 2 (தளர்வான சோதனை) ஆக்குங்கள். பிங் வந்துவிடும்.

அப்புறம் பிங்கை நிறுத்தாமல் மாடி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு இறங்குங்கள். சில விநாடிகளில் படி விலகி, வாசலுடன் நேரடி ரூட் வரும். டனலும் மாறாது, முகவரியும் மாறாது.

நாம் கையால் போட்ட டனலை நிஜ மொபைல் ஐபியில் யுடிபி போர்ட் 434 வழியான பதிவு (மாடி தான் இருக்கும் இடத்தை வீட்டுக்குச் சொல்வது) அமைத்துத்தரும். ஆனால் அதற்கு முன் வாசல் அனுப்பும் ஏஜென்ட் அறிவிப்பின் (‘நான் இங்கே இருக்கிறேன்’ என்ற செய்தியின்) டிடிஎல் 1, அதாவது ஒரே ஒரு தாவல்தான் போகும். அது படியோடு நின்றுவிடும், மாடிக்குக் கேட்காது. அதனால் படி அந்த அறிவிப்பை மேலே கடத்தித்தர வேண்டும். அடுத்து நீங்கள் சேர்க்க வேண்டியது அதைத்தான்.